கான்வாய்க்கு முன்னால் போய் நிற்பது: நீர்மூழ்கி விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ராமேஸ்வரம், மண்டபம், ஏர்வாடி, தொண்டி என்று நம் ராமநாதபுரம் கரையோரத்துப் பிள்ளைகள் பலர் இந்த மீன்பிடித் தடைக்காலத்தில்தான் லேப்டாப்பில் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறார்கள். நீர்மூழ்கி விளையாட்டைத் தொடங்கியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். தனியாக வரும் சரக்குக் கப்பலை மூழ்கடிக்கப் பழகிவிடுகிறது. ஆனால் 30 கப்பல், சுற்றிலும் காவலுக்கு நாலைந்து டிஸ்ட்ராயர் போர்க்கப்பல் என்று ஒரு கான்வாய், அதாவது காவலோடு கூட்டமாகப் போகும் கப்பல் அணி, வந்துவிட்டால், நீருக்கடியில் ஓடிப்போய் வெடிக்கும் டார்பிடோ இரண்டைக் கண்டபடி விட்டுவிட்டு, அடுத்த பத்து நிமிடத்தில் கடலின் அடியில் கிடக்கிறார்கள்.

காரணம் பெரும்பாலும் குறி பார்ப்பதில் இல்லை. அதற்கு நாலு மணி நேரம் முன்னால் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாததுதான். நம்மூரில் வலை விடுபவர் மீனைத் துரத்துவதில்லை. நீரோட்டத்தைப் பார்த்து, மீன் வரும் வழிக்குக் குறுக்கே வலையை இறக்கிவிட்டுக் காத்திருக்கிறார். கான்வாய் தாக்குதல் முழுக்க முழுக்க அதுதான். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் டார்பிடோ விடுவதற்கு முன்னால் நடக்க வேண்டியவை. அந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

எந்த விளையாட்டு, எந்த ஆண்டு

2005-ல் வந்த சைலன்ட் ஹன்டர் 3 இன்றைக்கும் புதியவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். 2024-ல் முழுமையாக வெளியான யூபோட் விளையாட்டில் மாலுமிகளின் பசி, தூக்கம், மனநிலை வரை கவனிக்க வேண்டும். அழகானதுதான், ஆனால் முதல் பாடத்துக்குச் சுமை அதிகம். உல்ஃப்பேக் என்ற விளையாட்டில் நண்பர்கள் பலர் சேர்ந்து ஒரே நீர்மூழ்கியை ஓட்டலாம். இங்கே சொல்லும் கணக்குகள் மூன்றுக்கும் பொருந்தும். எண்களை மட்டும் டைப் 7சி ஜெர்மன் நீர்மூழ்கிக்கு எழுதியிருக்கிறேன்.

இந்த விளையாட்டுகள் இரண்டாம் உலகப் போரில் நடப்பவை, ஆகவே ஆண்டு முக்கியம். 1940-ன் பிற்பகுதியில் தொடங்குங்கள். காவல் குறைவு, ரேடார் இல்லை, விமானம் அரிது. 1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 40-க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்தது. மே 24 அன்று ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் வடக்கு அட்லாண்டிக் கான்வாய் வழிகளிலிருந்து அவற்றை விலக்கிக்கொண்டார். அந்த ஆண்டில் விளையாட்டைத் தொடங்குபவர் எதையும் கற்பதற்கு முன்பே மூழ்கிவிடுவார்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைலன்ட் ஹன்டர் 3-ல் ஆட்டத்தைச் சேமிக்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே, பக்கத்தில் வேறு கப்பல் எதுவும் இல்லாத இடத்தில் சேமியுங்கள். நீருக்கடியில், கான்வாய்க்கு நடுவில் சேமித்த கோப்பு மறுபடி சரியாகத் திறக்காமல் போவதுண்டு.

ஆழத்தைப் பாருங்கள்

உலக வரைபடம் திறந்ததும் நம்மவர்கள் முதலில் தேடுவது பாம்பனைத்தான். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. டைப் 7சி-யின் அடிப்பகுதியிலிருந்து கோபுரத்தின் உச்சி வரை 9.6 மீட்டர். பெரிஸ்கோப் ஆழத்துக்கு இறங்கினாலே அடி தரையைத் தொடும். தென்கடல் பக்கம், மன்னார் வளைகுடாவில் தெற்கே போகப் போகத்தான் ஆழம் கிடைக்கிறது. பெரிய கப்பல்கள் நம் கரைக்குப் பக்கத்தில் வராமல் இலங்கையைத் தெற்கே சுற்றிப் போவதற்கும் இந்த ஆழமின்மைதான் காரணம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாக்கப் போகும் இடத்தில் அடியில் குறைந்தது 200 மீட்டர் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வரைபடத்தில் நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஆழம். வெளிர்நீலத்தில் கான்வாய் போனால், அடர்நீலத்துக்கு வரும் வரை பின்தொடர்ந்து காத்திருங்கள். தப்பிக்க ஆழம் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல குறி கிடைத்தாலும் விட்டுவிட வேண்டும்.

முந்திச் செல்வது

வானொலிச் செய்தி வரும்: இன்ன இடத்தில் கான்வாய், இன்ன திசையில், மெதுவான வேகம். உடனே அந்த இடத்தை நோக்கிக் கப்பலைத் திருப்புவதுதான் எல்லோரும் செய்வது. நீங்கள் போய்ச் சேரும்போது அது அங்கே இருக்காது. அந்தப் புள்ளியிலிருந்து அது போகும் திசையில் ஒரு நீளக் கோடு போடுங்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எவ்வளவு நகரும் என்று கோட்டில் குறி வையுங்கள். நீங்கள் எந்தக் குறிக்கு அதைவிட முன்னால் போய்ச் சேர முடியும் என்று அளந்து, அங்கே போங்கள்.

டைப் 7சி நீர்மட்டத்தில் 17.7 நாட் ஓடும் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). நீருக்கடியில் அதிகபட்சம் 7.6 நாட், அதுவும் பேட்டரி சீக்கிரமே தீர்ந்துவிடும். 4 நாட் வேகத்தில் போனால் 80 கடல் மைல் கிடைக்கும். கான்வாயோ 7 முதல் 10 நாட் வரை ஓடுகிறது. ஆகவே மூழ்கியபடி ஒரு கான்வாயைப் பிடிக்கவே முடியாது. முந்துவது எல்லாம் மேல்மட்டத்தில்தான் நடக்க வேண்டும்.

கான்வாயின் புகை அடிவானத்தில் தெரியும் தூரத்திலேயே இருந்துகொண்டு, அதன் பக்கவாட்டில் இணையாக ஓடுங்கள். ஒரு கணக்கு. கான்வாய் 8 நாட், நீங்கள் 16 நாட். நீங்கள் 10 மைல் பின்னால் இருக்கிறீர்கள், 15 மைல் முன்னால் போய் நிற்க வேண்டும். மொத்தம் 25 மைல் வித்தியாசம், மணிக்கு 8 மைல் ஆதாயம். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். விளையாட்டில் நேரத்தை வேகப்படுத்தினால் சில நிமிடங்கள்தான். இதைப் பொறுக்க முடியாமல் பாதி வழியிலேயே உள்ளே பாய்ந்து, பக்கவாட்டிலிருந்து தூரத்துக் குறியை அடிக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான தோல்விகளின் தொடக்கம்.

முந்தும்போது எந்தப் பக்கம் ஓடுவது? மாலையில் கான்வாய்க்குக் கிழக்கே இருங்கள். மேற்கு வானத்து வெளிச்சத்தில் அதன் உருவம் கறுப்பாகத் தெளிவாக நிற்கும், நீங்கள் கிழக்கின் இருட்டில் கரைந்திருப்பீர்கள். விடியலில் இதைத் திருப்பிப் போடுங்கள். தனுஷ்கோடியில் நின்று இரண்டு பக்கமும் போகும் படகுகளைச் சாயங்காலத்தில் பார்த்தவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிலா இருந்தால் கான்வாய் உங்களுக்கும் நிலாவுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அமாவாசை இருட்டு எல்லாப் பக்கமும் நல்லது.

கடலின் குணத்தையும் பாருங்கள். கச்சான் காற்றில் தென்கடல் கொந்தளித்தால் வடகடலுக்குப் போவதும், வாடையில் மாற்றிக்கொள்வதும் நம் ஊரில் வழக்கம். விளையாட்டில் அப்படி இன்னொரு கடல் கிடையாது, இருக்கும் கடலில்தான் தாக்க வேண்டும். கண்ணாடி போன்ற அமைதி உங்களுக்கு எதிரி. பெரிஸ்கோப் கிழிக்கும் வெள்ளைக் கோடு வெகுதூரம் தெரியும். தெளிந்த நீரில் மேலே பறக்கும் விமானத்துக்கு மூழ்கியிருக்கும் உருவமே தெரியும். அலை குறைந்த நாளில் பாம்பன் சாலைப் பாலத்தின் மேலிருந்து அடியில் இருக்கும் பாறையின் நிறம் தெரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். மிதமான அலைதான் வேண்டியது. பெரும்புயலில் டார்பிடோவும் ஆழம் தவறும்.

இரண்டே எண்கள்

தனிக் கப்பலைவிடக் கான்வாய் ஒரு விதத்தில் சுலபம். அதில் 30 கப்பல் இருந்தாலும் எல்லாமே ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகின்றன. அந்தத் திசையும் வேகமும் தெரிந்துவிட்டால் முப்பதுக்கும் சேர்த்துக் கணக்கு முடிந்தது. கப்பலின் பெயரோ, பாய்மரத்தின் உயரமோ, தூரமோ தெரிய வேண்டாம்.

திசைக்கு: வரைபடத்தில் ஒரு கப்பலின் இடத்தைக் குறியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அதே கப்பலை மறுபடி குறியுங்கள். இரண்டையும் சேர்க்கும் கோடுதான் திசை. கான்வாய் அவ்வப்போது வளைந்து வளைந்து போகும். அப்படியானால் ஒரு முழு வளைவைப் பார்த்து முடித்துவிட்டு அடிப்படைத் திசையை எடுங்கள்.

வேகத்துக்கு ஒரு அருமையான கணக்கு உண்டு. ஒரு நாட் வேகத்தில் போகும் கப்பல் 3 நிமிடம் 15 விநாடியில் 100 மீட்டர் நகரும். ஆகவே இரண்டு குறிகளுக்கு நடுவே 3 நிமிடம் 15 விநாடி விட்டு, தூரத்தை அளந்தால், 800 மீட்டர் என்றால் 8 நாட், 650 என்றால் ஆறரை நாட். ஒரு தடவை அளந்ததை நம்பாமல், இரண்டு மூன்று தடவை அளந்து பாருங்கள்.

இதை இன்னொரு வழியில் சரிபார்க்கலாம். முந்தும்போது சிறிது நேரம் கான்வாயின் திசையிலேயே, நீங்கள் கணித்த வேகத்திலேயே ஓடுங்கள். அது உங்களுக்கு எந்தக் கோணத்தில் தெரிகிறதோ அதே கோணத்தில் அசையாமல் நின்றால் இரண்டு எண்ணும் சரி. பின்னோக்கிப் போனால் உங்கள் வேகம் அதிகம், முன்னோக்கிப் போனால் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். கருவி எதுவும் வேண்டாம், எதிரிக்கும் எதுவும் தெரியாது.

எங்கே நிற்பது

கான்வாய் என்பது நீளத்தைவிட அகலம் அதிகமான ஒரு செவ்வகம். கப்பல்கள் வரிசை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு வரிசையில் அடுத்தடுத்த கப்பல்களுக்கு இடையே சுமார் 400 மீட்டர், இரண்டு வரிசைகளுக்கு இடையே சுமார் 900 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்க் கப்பலும் வெடிமருந்துக் கப்பலும் பெரும்பாலும் நடு வரிசைகளில் பத்திரமாக வரும். முன்னாலும் பக்கங்களிலும் காவல் கப்பல்கள்.

கான்வாயின் பாதைக்குச் சரியாக 90 பாகையில் உங்கள் அணியம், அதாவது முன்முனை, பார்க்கும்படி நில்லுங்கள். முன்னால் வரும் காவல் கப்பலுக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம். முன்காவலுக்கும் பக்கக் காவலுக்கும் இடையே உள்ள வாயில் வழியாகக் கான்வாய் உங்களைக் கடக்க வேண்டும். வெளி வரிசை உங்களுக்கு முன்னால் 800 முதல் 1,200 மீட்டரில் போகும்படி இடத்தைப் பிடியுங்கள். 300 மீட்டருக்குள் டார்பிடோ வெடிக்கத் தயாராகாது, 2,000-க்கு மேல் சின்னப் பிழையும் பெரிதாகும்.

கான்வாய் அடிவானத்தில் எழும்போதே மூழ்கிவிடுங்கள். அமைதி ஓட்டம், 2 நாட், அதற்கு மேல் வேண்டாம். டைப் 7சி-யின் ஹைட்ரோஃபோன், அதாவது நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி, வெகுதூரம் கேட்கும். சரக்குக் கப்பலின் திருகு மெதுவாக, கனமாகத் துடிக்கும். டிஸ்ட்ராயருடையது வேகமாக, கூர்மையாக. நண்பர்கள் சேர்ந்து விளையாடும்போது ஒருவரை இதற்கென்றே உட்கார வையுங்கள். அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "மாப்ள, வலது 40-ல டிஸ்ட்ராயர், சத்தம் ஏறுது." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப வலது 10, இன்னும் ஏறுது, வேகம் மாறல." வேகம் மாறவில்லை என்ற அந்தச் சொல்தான் கேப்டனுக்குத் தேவை. அவன் உங்களைக் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம்.

முன்காவல் நெருங்கும்போது 40, 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, அணியத்தையோ பின்புறத்தையோ அவன் பக்கம் காட்டுங்கள். ஒலியை அனுப்பி எதிரொலியால் நீர்மூழ்கியைத் தேடும் கருவிதான் ஆஸ்டிக், அதன் ஒலி மோதித் திரும்பும் பரப்பு குறையும். அவன் கடந்த பின் மறுபடி 90 பாகைக்குத் திரும்பி, பெரிஸ்கோப் ஆழத்துக்கு வாருங்கள். இந்த ஏற்ற இறக்கத்துக்கு நேரம் பிடிக்கும். கான்வாய்க்குப் பத்து மைலாவது முன்னால் போயிருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

15 பாகையில் ஒரு கம்பி

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். பெரிஸ்கோப்பைக் கப்பலோடு சேர்த்து நகர்த்த வேண்டாம். ஒரு கோணத்தில் அசையாமல் நிறுத்திவிடுங்கள். அதில் நடுவே தெரியும் செங்குத்துக் கோட்டைத்தான் கம்பி என்கிறேன், கப்பல்கள் வந்து அந்தக் கம்பியைக் கடக்கட்டும்.

எந்தக் கோணம்? டார்பிடோ உங்கள் அணியத்திலிருந்து நேராக 30 நாட் வேகத்தில் ஓடுகிறது. கான்வாய் 8 நாட். டார்பிடோ போய்ச் சேர்வதற்குள் கப்பல் நகரும் அளவுக்கு முன்கூட்டியே விட வேண்டும். அந்த முன்கோணம் 15 பாகை. கான்வாய் 6 நாட் என்றால் 11, 10 நாட் என்றால் 18. வேகமான 44 நாட் டார்பிடோவை 8 நாட் கான்வாய்க்கு விட்டால் 10. தூரம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

8 நாட் கான்வாய் வலமிருந்து இடமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. பெரிஸ்கோப்பை 15-ல் (அணியம் பூச்சியம், அதிலிருந்து வலப்பக்கம் 15 பாகை) நிறுத்துங்கள். இடமிருந்து வந்தால் 345-ல்.

2. குறிக்கருவியில் வேகம் 8 என்று போடுங்கள்.

3. எதிரிக் கப்பலின் முகப்பிலிருந்து பார்த்தால் நீங்கள் எந்தக் கோணத்தில் இருக்கிறீர்கள் என்பதைக் கேட்கும். 90-லிருந்து முன்கோணத்தைக் கழித்தால் 75. வலமிருந்து வரும் கப்பலின் இடது பக்கத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள், ஆகவே இடது 75. இடமிருந்து வந்தால் வலது 75.

4. தூரம் 1,000 என்று எதையாவது போடுங்கள். டார்பிடோ திரும்ப வேண்டிய கோணம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எல்லாம் சரி. 20, 30 என்று காட்டினால் ஏதோ ஒரு எண் தவறு, பெரும்பாலும் இடது வலது மாறியிருக்கும்.

5. குழாய்க் கதவுகளை முன்பே திறந்து வையுங்கள். கதவு திறக்கும் சில விநாடியில் குறி தவறும்.

கப்பலின் நடுப்பகுதி கம்பியைத் தொடும்போது விடுங்கள்.

இந்த முறையின் அழகு பக்கத்து வரிசையில் தெரியும். பக்கம் பக்கமாக வரும் இரண்டு கப்பல்கள், ஒன்று 1,000 மீட்டரில், இன்னொன்று அதற்கு அப்பால் 900 மீட்டர் தள்ளி. கம்பி சாய்வாக இருப்பதால் தூரத்துக் கப்பல்தான் முதலில் கம்பியைத் தொடும். அதற்கு ஒன்று விடுகிறீர்கள். சுமார் 58 விநாடி கழித்துக் கிட்டத்துக் கப்பல் தொடும். அதற்கும் விடுகிறீர்கள். 900 மீட்டரைக் கடக்க டார்பிடோ எடுத்துக்கொள்ளும் நேரமும் அதே 58 விநாடிதான். ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் வெடிக்கும். முதல் வெடி கேட்டவுடன் மற்ற கப்பல்கள் எல்லாம் வளையத் தொடங்கும் என்பதால், முதல் வெடிக்கு முன் எத்தனை டார்பிடோ தண்ணீரில் இருக்கின்றன என்பதே எல்லாம். ஒரே வரிசையில் அடுத்தடுத்த இரண்டு கப்பலை எடுப்பதைவிட, பக்கத்துப் பக்கத்து வரிசையில் எடுப்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரிஸ்கோப் விடாமல் மேலே நிற்கக் கூடாது. தூக்கி, பார்த்து, இறக்குங்கள். கோணம் மாறாமல் இருந்தால் போதும்.

டார்பிடோ

பகலில் மின்சார டார்பிடோ. 30 நாட் ஓடும், நீரில் தடம் விடாது. நீராவி டார்பிடோ வேகமானது, ஆனால் குமிழிக் கோடு போட்டு உங்கள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இரவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். டார்பிடோவை வெடிக்க வைக்கும் தூண்டி இரண்டு வகை. காந்தத் தூண்டி கப்பலின் அடியில் வெடித்து முதுகெலும்பை முறிக்கும், ஆனால் 1940-ல் நார்வே கடலில் ஜெர்மானியர்களுக்கு அது மோசமாகக் காலை வாரியது. அந்தக் கோளாறை விளையாட்டிலும் வைத்திருக்கிறார்கள். புதியவர்கள் மோதல் தூண்டியோடு, 3 மீட்டர் ஆழத்தில் தொடங்குவது நல்லது. சாய்ந்த கோணத்தில் மோதினால் வெடிக்காமல் வழுக்கிப் போகலாம். 90 பாகையில் நிற்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாரை அடிக்கிறோம்

கொடியைப் பார்க்காமல் விடாதீர்கள். நடுநிலை நாட்டுக் கப்பலை மூழ்கடித்தால் மதிப்பெண் குறையும். விளையாட்டுக்கு அது போதும். ஆனால் கடலோரத்தில் பிறந்த நமக்கு இன்னும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் அன்றைக்கு ஆயிரக்கணக்கான இந்திய மாலுமிகள் வேலை பார்த்தார்கள். லஸ்கர்கள் என்று அவர்களுக்குப் பெயர். 1940 செப்டம்பர் 17 இரவு யு-48 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த சிட்டி ஆஃப் பெனாரஸ் கப்பலில், கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். இந்திய மாலுமிகளிலும் பெரும்பகுதியினர் இறந்தார்கள். அதிலிருந்து தப்பிய ஒரு உயிர்காப்புப் படகு எட்டு நாள் கடலில் அலைந்து மீட்கப்பட்டது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள். அந்தக் கான்வாயின் காவல் கப்பல்கள் அதற்கு முன்பே பிரிந்து போயிருந்தன. நான் இந்த விளையாட்டை நேசிக்கிறேன். அந்த நேசத்தோடுதான் இதைச் சொல்கிறேன்: திரையில் ஒரு புள்ளி மறையும்போது அதில் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொண்டு விளையாடுங்கள்.

அடித்த பிறகு

கடைசி டார்பிடோ குழாயை விட்டவுடன் பெரிஸ்கோப்பை இறக்குங்கள். வெடிப்பதைப் பார்க்க ஆசையாக இருக்கும், பார்க்க வேண்டாம். உடனே ஆழத்துக்கு இறங்கத் தொடங்கி, கான்வாயின் அடியிலேயே புகுந்துவிடுங்கள். மேலே முப்பது திருகுகளின் இரைச்சல் இருக்கும்போது டிஸ்ட்ராயரால் உங்கள் சத்தத்தைப் பிரித்தறிய முடியாது. கப்பல்களுக்கு நடுவில் தாராளமாகக் குண்டு போடவும் முடியாது.

கான்வாய் கடந்து போன பின்தான் உண்மையான சோதனை. இங்கே காரணம் புரிந்தால் கைகள் தானாகவே சரியாகச் செய்யும். அன்றைய ஆஸ்டிக் முன்னோக்கித்தான் பார்க்கும். டிஸ்ட்ராயர் உங்கள் தலைக்கு மேல் வரும் கடைசி இருநூறு மீட்டரில் நீங்கள் அதன் ஒலிக்கற்றைக்குக் கீழே போய்விடுவீர்கள், அதற்கு ஒன்றும் தெரியாது. அது போடும் ஆழ்வெடி விநாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் இறங்கும். நீங்கள் 180 மீட்டரில் இருந்தால் வந்து சேர ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் 6 நாட் வேகத்தில் நீங்கள் 185 மீட்டர் விலகிவிடலாம்.

ஆகவே: அவன் தேடும்போது 2 நாட், முழு அமைதி, டார்பிடோ நிரப்புவதும் பழுது பார்ப்பதும் நிறுத்தம். அவன் வேகமெடுத்துத் தலைக்கு மேல் வரும் சத்தம் கேட்டதும் முழு வேகம், சுக்கானை ஒரு பக்கம் முழுவதும் திருப்புங்கள். வெடிகள் வெடித்துத் தண்ணீர் கலங்கியிருக்கும்போது அவனுக்கு எதுவும் கேட்காது, அந்த நேரத்தையும் வேகமாக விலகப் பயன்படுத்துங்கள். இரைச்சல் அடங்கத் தொடங்கியதும் மறுபடி 2 நாட். ஒரே திசையில் இரண்டு முறை திரும்ப வேண்டாம். பொறுமையாக, ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருங்கள். போரின் பிற்பகுதி ஆண்டுகளில் ஹெட்ஜ்ஹாக் என்ற குண்டு வந்துவிடும். முன்னோக்கி வீசப்படும், மோதினால் மட்டுமே வெடிக்கும். அப்போது தலைக்கு மேல் வரும் வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

அடித்த இடத்தைவிட்டு விலகாமல் பதுங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நம் பக்கத்துக் கடலிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1944 பிப்ரவரி 12, மாலத்தீவுக்கு அருகே. கிழக்கு ஆப்பிரிக்காவின் கிலிண்டினியிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ஐந்து துருப்புக் கப்பல்களில் கெடிவ் இஸ்மாயில் என்ற கப்பலை ஜப்பானிய ஐ-27 நீர்மூழ்கி அடித்தது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கி 1,297 பேர் இறந்தார்கள். தண்ணீரில் தத்தளித்தவர்களுக்கு அடியிலேயே ஐ-27 இருந்தது. அவர்கள் நடுவிலும் ஆழ்வெடி போட வேண்டிய கொடுமை காவல் கப்பல்களுக்கு நேர்ந்தது. பாலடின், பெடார்ட் என்ற இரண்டு டிஸ்ட்ராயர்கள் அதை மேலே வரச் செய்து, கடைசியில் டார்பிடோவால் மூழ்கடித்தன.

இரவில் மேல்மட்டத்திலேயே உள்ளே போவது

இது இரண்டாம் வகுப்புப் பாடம், சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே மிதக்கும் நீர்மூழ்கியை ஆஸ்டிக்கால் பிடிப்பது கடினம், அதன் உருவமும் நீர்மட்டத்தில் மிகச் சிறியது. இதைப் பயன்படுத்தி ஓட்டோ கிரெட்ஷ்மர் போன்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கேப்டன்கள் இருட்டில் கான்வாயின் வரிசைகளுக்கு நடுவிலேயே புகுந்தார்கள். 1940 அக்டோபரில் எஸ்சி 7 கான்வாயின் 35 கப்பல்களில் 20 மூழ்கின. ஆனால் 1941 மார்ச் 17 அன்று எச்எக்ஸ் 112 கான்வாயைத் தாக்கிய யு-100-ஐ வானாக் என்ற டிஸ்ட்ராயர் ரேடாரில் கண்டுபிடித்து மோதி மூழ்கடித்தது. அதே இரவில் கிரெட்ஷ்மரின் யு-99-ம் போனது, அவர் சிறைப்பட்டார். அந்தத் தேதிக்குப் பின் இந்த முறையை நம்பி உள்ளே போகாதீர்கள். 1940 ஆட்டத்தில் மட்டும், நிலா இல்லாத இரவில், முன்சொன்ன 15 பாகைக் கம்பியை மேல்தளத்து இருநோக்கியில் வைத்து முயன்று பாருங்கள்.

மறுபடியும் முன்னால்

தப்பித்து மேலே வந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். டைப் 7சி-யில் மொத்தம் 14 டார்பிடோ. இன்னும் ஒன்பது பத்து மிச்சம் இருக்கும். வெளித்தளத்தில் இருப்பவற்றை அமைதியான கடலில், மேலே மிதக்கும்போது மட்டும்தான் உள்ளே எடுக்க முடியும். கான்வாய் தொலைவில் இருக்கும் இந்த நேரம் அதற்கு ஏற்றது.

இரவு 9 மணிக்கு அடித்தீர்கள், 1 மணி வரை உங்களை அடியிலேயே வைத்துவிட்டார்கள் என்றால், கான்வாய் 32 மைல் போயிருக்கும். 16 நாட்டில் துரத்தினால் 5 மணிக்குத்தான் அதன் பக்கவாட்டுக்கு வருவீர்கள். விடிந்துவிடும். பகலில் உள்ளே போக முயலாமல், புகை தெரியும் தூரத்தில் ஓடி, திசை மாறியிருக்கிறதா என்று புதிதாக அளந்து, சாயங்காலத்துக்குள் 15 மைல் முன்னால் கிழக்குப் பக்கம் போய் நில்லுங்கள். வேகத்தையும் மறுபடி அளக்க வேண்டும். அடிபட்ட கான்வாய் பழைய வேகத்தில் ஓடும் என்று வைத்துக்கொண்டால் கம்பியின் கோணம் இரண்டு மூன்று பாகை தவறும், 1,000 மீட்டரில் அது கிட்டத்தட்ட 50 மீட்டர். பின்குழாயில் ஒன்று நிரப்பியிருந்தால் அதைத் தொடாமல், துரத்தி வரும் டிஸ்ட்ராயருக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.